கன்னியம்மாவின் இரண்டு கைகள்

1. சென்சரிதானே

மைக்ரோஸ்கோப்பின் கீழே அந்தக் கட்டி பழுத்த இலந்தைப் பழம் போலச் சிவந்திருந்தது. கழுத்துப் பகுதியில், தண்டுவடத்தின் வலது பின்புறத்தில், சுண்டுவிரல் நுனி அளவுக்கு உட்கார்ந்திருந்தது. அதன் மேல் தடித்த ரத்தக்குழாய்கள் நெளிந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே, வெள்ளை நூல் போல இரண்டு நரம்பு வேர்கள் கட்டியோடு ஒட்டிக்கொண்டு போயின.

எனக்கு எதிரே உதவிக்கு நின்றவர் டாக்டர் சுகந்தி. பயிற்சியின் கடைசி ஆண்டில் இருந்தார்.

"சார், ஆறாவது, ஏழாவது ரூட் ரெண்டும் ஒட்டியிருக்கு. பிரிச்சுப் பாக்கலாமா?"

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு மணி நேரமாவது ஆகும் சார்."

"சென்சரிதானே?"

"ஆமா சார். ஆனா ரெண்டு ரூட்…"

"சென்சரிதான்" என்று நானே முடித்துவைத்தேன். பைபோலார் கருவியால் இரண்டையும் சுட்டு, கத்தரியால் வெட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இதைப் படிக்கிற இளைய டாக்டர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தண்டுவடத்திலிருந்து ஒவ்வொரு மட்டத்திலும் முன்பக்கம் ஒரு வேர், பின்பக்கம் ஒரு வேர் கிளம்புகின்றன. முன்வேர் தசையை அசைக்கிறது. பின்வேர் தொட்டதை உணர்த்துகிறது. பின்வேரை வெட்டினால் கையில் பலம் குறையாது. எதைத் தொட்டோம் என்பதுதான் தெரியாமல் போகும். ஒரு வேரை வெட்டினால் பக்கத்து வேர்கள் ஓரளவு ஈடுகட்டும். அடுத்தடுத்த இரண்டை வெட்டினால் ஈடுகட்டாது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரக்கட்டையாகிவிடும். இது எனக்கு அன்றைக்கே நன்றாகத் தெரியும்.

அந்தக் கட்டியின் பெயர் ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா. தண்டுவடத்தில் வருவது அபூர்வம். புற்று அல்ல. ஆனால் முழுக்க ரத்தக்குழாய். உள்ளே கை வைத்தால் வெள்ளமாகக் கொட்டும். முதலில் ரத்தம் கொண்டுவரும் தமனிகளை ஒவ்வொன்றாகச் சுட வேண்டும். வெளியே எடுத்துப்போகும் சிரையைக் கடைசியில்தான் தொட வேண்டும். கட்டியை உடைக்காமல் ஒரே துண்டாக எடுக்க வேண்டும். நான் எடுத்தேன். தியேட்டரில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

நோயாளியின் பெயர் கன்னியம்மா. பழவேற்காட்டுக்கு வடக்கே, சுண்ணாம்புக்குளம் போகிற வழியில் ஏரியோரம் ஒரு சின்ன ஊர். முப்பத்தைந்து வயதிருக்கும். கால்கள் விறைத்து, தண்ணீரில் நிற்க முடியாமல் விழுகிறார் என்று கணவர் ஏழுமலை தோளில் சாய்த்துக் கூட்டிவந்திருந்தார். கேஸ் ஷீட்டில் தொழில் என்ற இடத்தில் யாரோ ‘கூலி’ என்று எழுதியிருந்தார்கள். நான் அதைப் படித்தேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

2. மெதுவா வரும்

பத்தாம் நாள் கன்னியம்மா வார்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எதையும் பிடிக்காமல் நடந்தார். அந்த வாரம் எங்கள் துறைக் கூட்டத்தில் நான் ஸ்லைடு போட்டேன். அறுவைக்குப் பின் குறைபாடு ஏதும் இல்லை என்று கடைசி ஸ்லைடில் இருந்தது. கை தட்டினார்கள். இரண்டாவது வரிசையில் இருந்த சுகந்தி மட்டும் மடியிலிருந்த நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு வாரம் கழித்து ரிவ்யூவுக்கு வந்தார்கள்.

"என் விரலைப் புடிச்சு அழுத்தும்மா" என்றேன். அழுத்தினார். என் எலும்பு வலித்தது.

"நல்ல பலம் இருக்கே!"

"பலம் கீது சார். புடிச்சது இன்னானுதான் தெரியல. கண்ணால பாத்தாத்தான் ஒன் வெரலுனு தெரியிது."

"மரத்துப் போயிருக்கு. மெதுவா வரும்."

"எப்ப சார் வரும்?"

"ஆறு மாசம் ஆகலாம். ஒரு வருஷம் ஆகலாம்."

ஏழுமலைக்கு முகம் மலர்ந்தது. "பாத்தியாமே? நான்தான் சொன்னேன்ல, டாக்டரைக் கேட்டா தெரியும்னு. சும்மா அழுதுகினு கெடந்தா."

வெட்டிய பின்வேர் மறுபடி வளர்ந்து தண்டுவடத்துக்குள் போகாது. முதலாண்டு மாணவனுக்குத் தெரிந்த விஷயம். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். ஓ.பி. கதவுக்கு வெளியே பெரிய வரிசை நின்றது. வராது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் நான் வெட்டினேன் என்று சொல்ல வேண்டும். வரும் என்றால் எழுந்து போய்விடுவார்கள். ஆறுதல் சொன்னேன் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தார்கள். ஒவ்வொரு முறையும் பஞ்சால் தொட்டுப் பார்ப்பேன், ஊசியால் குத்திப் பார்ப்பேன், "வரும்" என்பேன். ஒருமுறை வலது கையைப் பழைய புடவைத் துணியால் சுற்றிக்கொண்டு வந்தார். கெளுத்தி மீனைப் பிடித்து, அதன் முள் உள்ளே ஒடிந்திருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. மணிக்கட்டு வரை வீங்கிச் சீழ் வைத்த பிறகுதான் பார்த்திருக்கிறார். கீறிச் சுத்தம் செய்ய வேறு வார்டுக்கு அனுப்பினேன். போகும்போது திரும்பி நின்று கேட்டார், "வந்துடும்ல சார்?"

"வந்துடும்" என்றேன்.

3. நெஜத்த சொல்லு

மூன்றாம் வருடம் கால்கள் மறுபடி விறைத்தன. ஸ்கேனில் இன்னொரு கட்டி தெரிந்தது. அதே வகை. சிலருக்குப் பிறவியிலேயே இந்தக் கட்டி பல இடங்களில் முளைக்கும் தன்மை இருக்கும், கன்னியம்மாவுக்கு அப்படி. இந்த முறை கட்டி இடது பக்கம். ஏறக்குறைய அதே மட்டம். அதே இரண்டு வேர்கள், இடது கைக்குப் போகிறவை.

நானும் சுகந்தியும் படத்தைப் பார்த்தோம். அப்போது சுகந்தி எங்கள் துறையிலேயே உதவிப் பேராசிரியராகியிருந்தார். சீக்கிரம் எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் கால் போய்விடும் என்று முடிவு செய்து, கணவன் மனைவி இருவரையும் அறைக்குள் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

கன்னியம்மா பதற்றமில்லாமல் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"செரி சார். எடுத்துடலாம். ஆனா இப்ப வாணாம். அந்தக் கட்டி எடுத்தப்ப சோத்துக்கை மரத்துப்பூட்ச்சி. இத்த எடுத்தா பீச்சக்கையும் மரத்துப்பூடும்ல? சோத்துக்கை மொதல்ல வந்துடட்டும். நீதான் வரும்னு சொல்ற இல்ல? அது வந்ததும் இத்த எடுத்துக்கோ. எனக்கு ஒரு கை இருந்தா போதும்."

நான் சொன்ன பொய்யை நம்பி, அதற்கு ஏற்ற மாதிரி அவர் ஒரு நல்ல திட்டம் போட்டிருந்தார். வராத கை வரும்வரை காத்திருக்கப் போகிறார். அதற்குள் கால் போகும், சிறுநீர்க் கட்டுப்பாடு போகும், கடைசியில் இடது கையும் தானே போகும்.

சுகந்தி என்னைப் பார்த்தார்.

"கன்னியம்மா, அது வராது" என்றேன்.

"எது சார்?"

"உன் வலது கை. மரத்துப் போகல. நான் வெட்டினேன். ரெண்டு நரம்பை. கட்டியை எடுக்கும்போது வெட்டினேன். அது வளராது. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

ஏழுமலை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இன்னா சார் பேசுற நீ? மூணு வருசமா வரும் வரும்னு சொன்னது நீதான? தெனம் இவ இன்னா பண்றா தெரியுமா? கண்ண இறுக்க மூடிகினு, மொறத்துல கெளிஞ்சலக் கொட்டிகினு, அந்தக் கையாலயே எண்ணுவா. வந்துச்சா, வந்துச்சானு என்னக் கேப்பா. நானும், கிட்ட வந்துட்ச்சிமே, நேத்து விட இன்னிக்கி பரவால்லனு சொல்லுவேன். நானும் பொய் சொல்லிகினு இருந்துக்கீறேன், ஒன்ன நம்பி!"

"யோவ், குந்துய்யா" என்றார் கன்னியம்மா. ஏழுமலை உட்காரவில்லை. சுவரைப் பார்த்து நின்றார்.

கன்னியம்மா என்னைக் கேட்டார். "வெட்றப்ப தெரியுமா, வெரலு பூடும்னு?"

"தெரியும்."

"அப்ப ஏன் வெட்ன?"

"சீக்கிரம் முடியும்னு."

அவர் தன் வலது கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டார்.

"எங்க ஊர்ல வல அறுந்தா அறுந்துச்சும்பாங்க. மெதுவா வரும்னு எவனும் சொல்ல மாட்டான். நீ அன்னிக்கே சொல்லியிருந்தா நான் பீச்சக்கைய அப்பவே பழக்கியிருப்பேன். பாதி நாளு கரையிலயே குந்திகினு இருந்தேன் சார், அது வரட்டும், அது வரட்டும்னு."

நான் கைகூப்பினேன். மன்னித்துக்கொள் என்று சொன்னேன். அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

"எங்க வேல இன்னானு தெரியுமா ஒனக்கு?"

"மீன் புடிக்கிறது."

"மீனா!" அழுகிற நேரத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யோவ் கேட்டியா, மீனாம். ஞாயித்துக்கெழம வா சார். வந்து பாத்துட்டு அப்பறமா கத்தியத் தொடு."

நானும் சுகந்தியும் போனோம். ஏழுமலை பழவேற்காட்டில் டச்சுக் கல்லறை வாசலில் நிற்பதாகச் சொல்லியிருந்தார். அந்த வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். பழக்க தோஷத்தில் நான் அதன் கழுத்தெலும்பை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பின்னால் ஏழுமலையின் குரல் கேட்டது. "இத்த ஒங்க ஆஸ்பத்திரி வாசல்ல வெச்சிருக்கணும் சார். டச்சுக்காரன் எடம் மாத்தி வெச்சிட்டான்."

அவர் கோபம் முழுதாகப் போகவில்லை. இந்தக் கிண்டல் அளவுக்குக் குறைந்திருந்தது. எனக்கு அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

ஏரியில் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக, மார்பளவு தண்ணீரில் குந்தியபடி நகர்ந்துகொண்டிருந்தார்கள். தேடியது இறாலை. வலை இல்லை, தூண்டில் இல்லை. ஓலையில் பின்னிய பறிக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் தண்ணீருக்கடியில் சேற்றின் மேல் பரப்பித் தடவிக்கொண்டே போனார்கள். வாயில் கயிறு இருப்பதால் பேச்சு இல்லை. அவ்வப்போது ஒரு கை மேலே வரும், பறிக்குள் போகும், மறுபடி தண்ணீருக்குள் இறங்கும். கலங்கிய தண்ணீரில் யாருக்கும் எதுவும் தெரியாது. அவர்கள் பார்வையும் தண்ணீரில் இல்லை. எங்கோ தூரத்தில் இருந்தது. முழுக்க முழுக்க விரலின் வேலை.

கால் விறைப்பால் கன்னியம்மா ஆழத்துக்குப் போகவில்லை. கரையோரம் உட்கார்ந்து எனக்குக் காட்டினார்.

"எறா முன்னாடி ஓடாது சார், பின்னாடி குதிக்கும். தடவிகினே போனா மொதல்ல அதும் மீச படும். மீச எந்தப் பக்கம் கீதுனு வெரலு சொல்லும். ஒடனே மத்த கைய வாலாண்ட போட்டுடணும். குதிக்கும், கைக்குள்ள வந்து வுழும். அவ்ளோதான் வேல. முன்ன சோத்துக்கை மீசயப் பாக்கும், பீச்சக்கை புடிக்கும். இப்ப பீச்சக்கைதான் மீசயப் பாக்குது. சோத்துக்கை வாலாண்ட கட்டையாட்டம் கெடக்குது. வந்து முட்டுனா எனக்குத் தெரியாது. பாதிக்குப் பாதி ஓடிப்பூடுது."

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். குந்தினேன். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. சேற்றில் கையைப் பரப்பி நகர்ந்தேன். ஏதோ தட்டுப்பட்டது. கபக்கென்று பிடித்துத் தூக்கினேன்.

பக்கத்தில் இருந்த பவுனம்மா என்ற பெண் கயிற்றை வாயிலிருந்து துப்பினார்.

"டாக்டரே, அது ஓட்டாஞ்சில்லு!"

எல்லோரும் கயிற்றைத் துப்பிவிட்டுச் சிரித்தார்கள்.

"கழுத்தத் தொறந்து நரம்பத் தேடுற கையி, ஒரு எறாவத் தேட முடியல பாரு."

"அங்க லைட்டு போட்டுகினு தேடுவாரும்மே. இங்க லைட்டு ஏது?"

அரை மணி நேரத்தில் எனக்குக் கிடைத்தது ஒரு ஓட்டாஞ்சில்லும், நண்டிடம் ஒரு கடியும். சுகந்தி ஒரு இறாலைப் பிடித்துவிட்டார். எப்படி என்று கேட்டேன். "ஏதோ முடி மாதிரி பட்டுது சார்" என்றார். மீசை அவ்வளவு மெல்லியது. நான் பஞ்சால் தொட்டுச் சோதித்துவிட்டு, கொஞ்சம் உணர்வு இருக்கிறது என்று மூன்று வருடம் எழுதிவைத்திருந்தேன்.

ஈரத்தோடு கரையில் உட்கார்ந்து, இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன். கட்டியை அப்படியே விட்டால் காலும் கையும் இரண்டுமே போகும். எடுத்தால் வேரைப் பிரித்து எடுக்கப் பார்ப்பேன். பிரியாவிட்டால் கட்டியில் கொஞ்சத்தை விட்டுவிட்டு வர வேண்டும். அப்படி விட்டால் ரத்தம் கசியலாம், மறுபடி வளரலாம், மறுபடி திறக்க வேண்டிவரும். அந்த ரத்தக்கசிவே ஆபத்தாகவும் முடியலாம்.

கன்னியம்மா முழுக்கக் கேட்டார். கணவரைப் பார்த்தார். ஏழுமலை, "ஒன் கை, நீயே சொல்லுமே" என்றார்.

"கட்டிய வுட்டுட்டு வந்தாலும் வா சார். வெரல வுட்டுட்டு வராத."

சம்மதப் படிவத்தில் சுகந்தி இந்த வார்த்தைகளை அப்படியே எழுதினார். கன்னியம்மா படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு இடது கைப் பெருவிரலை மையில் வைத்தார்.

4. யார் உட்காருவது

காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினோம். பழைய தழும்புக்குள் போவது சிரமம். திசுக்கள் ஒன்றோடொன்று பிசின் போல ஒட்டிக்கிடந்தன. தண்டுவடத்தின் மேலுறையான டூராவைத் திறந்தபோது பதினொன்றாகிவிட்டது. கட்டி முந்தையதைவிடச் சற்றுப் பெரிது. எதிர்பார்த்தபடியே இரண்டு வேர்களும் அதன் மேல் ஒட்டியிருந்தன.

ஒரு வேர் என்கிறோமே, அது ஒரே நூல் இல்லை, ஐந்தாறு இழைகள். ஒவ்வொரு இழையையும் தனியாகப் பிரிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் ஆறாவது வேரைப் பிரித்து, ஈரப் பஞ்சில் ஓரமாகச் சாய்த்துவைத்தேன். ஏழாவது அதைவிட மோசம். அதன் அடியில் ஒரு தமனி ஓடியது. தொட்டதும் ரத்தம் வந்தது. பஞ்சு வைத்து அழுத்திக் காத்திருந்தேன். மறுபடி தொட்டேன். மறுபடி வந்தது. மூன்றாம் முறை என் கை நடுங்குவதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். அந்த உருப்பெருக்கத்தில் சின்ன நடுக்கமும் பூகம்பம் போலத் தெரியும். எனக்குத் தெரிந்தால் எதிரே பார்க்கிற சுகந்திக்கும் தெரியும்.

இனி எழுதப் போவது எனக்கு வெட்கம் தருவது. அந்த நேரத்தில் என் மனதில் வந்தது பழைய கணக்குதான். ஆறாவதைக் காப்பாற்றியாயிற்று. ஏழு ஒன்றுதானே, பக்கத்து வேர்கள் ஈடுகட்டும். ஏரிக்குப் போய், கழுத்தளவு தண்ணீரில் குந்திவிட்டு வந்த பிறகும் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

"கத்தரி" என்று கை நீட்டினேன். சிஸ்டர் கையில் வைத்தார்.

சுகந்தி தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "வெரல வுட்டுட்டு வராதனு சொன்னாங்க சார்."

அவர் குரல் உயரவில்லை. முன்பு ஒரு நாள் இதே இடத்தில் பாதியில் நான் வெட்டிவிட்ட வாக்கியத்தை இப்போது முடித்தது போல இருந்தது.

கத்தரியைத் திருப்பிக் கொடுத்தேன். கட்டியை விட்டுவிட்டு மூடலாமா என்று யோசித்தேன். தமனியைக் கிளப்பியாயிற்று; அப்படி மூடினால் உள்ளே கசியும். வேரைப் பிரிப்பதுதான் ஒரே வழி. என் கை அதற்குப் போதாது. அந்தத் துறையில் என்னைவிட நல்ல கை இரண்டடி தூரத்தில் சும்மா நின்றது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை.

நான் எழுந்தேன். "நீங்க உட்காருங்க."

சுகந்தி உட்கார்ந்தார். நான் அவர் இடத்துக்குப் போய் ரத்தம் உறிஞ்சும் சக்‌ஷனைப் பிடித்தேன். அதுவரை என் நோயாளி ஒருவரிடமிருந்தும் நான் பாதியில் எழுந்ததில்லை. சுகந்தி அவசரப்படவில்லை. இழைக்குப் பத்து நிமிடம், கால் மணி என்று எடுத்துக்கொண்டார். ரத்தம் வந்தால் பஞ்சு வைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் அப்படி ஒருநாளும் கையை மடியில் வைத்ததில்லை. மூன்றரைக்கு ஏழாவது வேர் பிரிந்து வந்தது. ஒரு இழை மெலிந்து நசுங்கியிருந்தது, ஆனால் அறவில்லை. பிறகு சிரையைச் சுட்டு, கட்டியை ஒரே துண்டாக எடுத்துக் கிண்ணத்தில் வைத்தார்.

"முடிஞ்சுது சார்."

"நல்லாச் செஞ்சீங்க" என்றேன்.

5. பக்கெட்

நான்காம் நாள் காலை ரவுண்ட்ஸுக்குப் போனபோது வார்டில் ஒரே கூச்சல். கன்னியம்மாவின் கட்டிலடியில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட். உள்ளே கலங்கல் தண்ணீர். வார்டு சிஸ்டர் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"சார், இது வார்டா மீன் மார்க்கெட்டா? ஒரே நாத்தம்! சேத்தையே அள்ளிக்கிட்டு வந்திருக்கார் இந்தாளு."

"சேறு இல்லாம எப்பிடிம்மா பாக்கறது? நீங்க பஞ்ச வெச்சிப் பாக்குறீங்கல்ல, அந்த மாதிரி" என்றார் ஏழுமலை.

"இருக்கட்டும் சிஸ்டர்" என்றேன். சுகந்தியையும் கூப்பிட்டேன்.

கன்னியம்மாவைக் கழுத்துப் பட்டையோடு கட்டிலோரம் உட்காரவைத்து, பக்கெட்டை ஸ்டூலில் வைத்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு இடது கையை உள்ளே விட்டார். வார்டே அடங்கிப்போய்ப் பார்த்தது. நான் என் வாழ்க்கையில் எத்தனையோ பரீட்சை முடிவுகளுக்குக் காத்திருக்கிறேன். இப்படிக் காத்திருந்ததில்லை.

"நடுவெரலு கொஞ்சம் மந்தமா கீது" என்றார்.

விரல்கள் மெதுவாக நகர்ந்தன.

"இது கல்லு. இது நண்டுக் காலு… இது எறா. மீச இந்தாண்ட கீது. வாலு அந்தாண்ட."

எடுத்துக் காட்டினார். மீசை அவர் சொன்ன பக்கம்தான் இருந்தது. சுகந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கன்னியம்மா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. இறாலைக் கட்டைவிரலால் வருடிக்கொண்டிருந்தார். நெற்றி சுருங்கியது.

"யோவ். இது எங்க புடிச்ச?"

"ஏரியிலதாமே. காலைல எறங்கி நானே தடவிப் புடிச்சேன்."

"பொய் சொல்லாத. தோலு மெத்துனு கீது. இது பண்ண எறா. ஐஸ்ல கெடந்துது. எங்க வாங்கின?"

ஏழுமலை தலையைச் சொறிந்தார். "பொன்னேரி மார்க்கெட்லமே. நான் தடவுனா எறா எங்க மாட்டுது? சேறு மட்டும் நம்ம ஏரி சேறு, சத்தியமா."

சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரருக்குத் தையல் வலித்தது. முதலில் சிரித்தது வார்டு சிஸ்டர்.

நடுவிரலின் மந்தம் இரண்டு மாதத்தில் போயிற்று. நசுங்கிய இழை அறவில்லை என்பதால் அது வரும் என்று சொன்னேன். ஏன் வரும் என்பதையும் சொன்னேன். வந்தது. அடுத்த துறைக் கூட்டத்தில் நான் பழைய ஸ்லைடை மறுபடி போட்டு, குறைபாடு ஏதும் இல்லை என்று அதில் எழுதியது பொய் என்று சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. சிலருக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு ஒரு மூத்த நண்பர், "இதெல்லாம் எதுக்குய்யா கூட்டத்துல?" என்றார். அவரிடம் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. இந்தக் குறிப்பு முழுவதும் அந்தப் பதில்தான்.

ஓய்வு பெற்ற பிறகு மாதத்துக்கு இரண்டு முறை பழவேற்காட்டுக்குப் போகிறேன். ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து கழுத்து வலி, முதுகு வலி, மரத்துப்போன கால் எல்லாம் பார்க்கிறேன். தொழில் என்ன என்று கேட்டு, கையால் செய்து காட்டச் சொல்லி, அதை எழுதிக்கொள்கிறேன். மதியம் யாராவது ஒரு வீட்டில் நண்டுக் குழம்பு. கன்னியம்மா வரிசையில் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டார். முன்பு பிடித்ததில் முக்கால் பங்கு பிடிக்கிறார். இந்த வயதில் எனக்கு வேறு குறை இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். அந்த வலது கையைப் பார்க்கும் நாளில் மட்டும் மனம் கனக்கும்.

புதிதாக வருகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். வெட்ட வேண்டிவரும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் என்றாவது ஒரு நாள் வெட்டக் கூடாததையும் வெட்டிவிடுவீர்கள். அதை அன்றைக்கே, அந்த மனிதரிடமே சொல்லிவிடுங்கள். நரம்பு போனாலும் மனிதர்கள் வேறு வழி கண்டுபிடித்துவிடுகிறார்கள். போனது என்று தெரிந்தால்தான் வழி தேடத் தொடங்குவார்கள். கன்னியம்மாவின் விரல்களை நான் எடுத்தது ஒரு நிமிடத்தில். அவருடைய மூன்று வருடத்தை எடுத்தது ‘வரும்’ என்ற அந்த ஒரு வார்த்தையால்.

போன முறை போயிருந்தபோது பழக்கத்தில் அவருடைய வலது கையை வாங்கி, கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் விரல் விரலாகத் தொட்டுக்கொண்டே வந்தேன். கண்ணை மூடியபடியே சிரித்தார்.

"இன்னாத்துக்கு சார் இன்னும் அத்தப் பாத்துகினு கீற? வராதுனு நீதான சொன்ன?"

"ஆமா. சொன்னேன்."

"நீ சொன்னத நான் நம்பிட்டேன். நீதான் இன்னும் நம்பல போல கீது."

கையை உருவிக்கொண்டு பறியை எடுத்துக்கொண்டார். தண்ணீரில் பவுனம்மா கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.